ஹாம்பர்கருக்குத் தண்டனை உண்டு, வாக்குக்கு இல்லை

2021 தொடக்கம். கோவிட் காரணமாக, ஃபுட்பால் அணிக்கு ஆள் எடுக்கும் கல்லூரிகள் எந்தப் பள்ளி மாணவனையும் நேரில் சந்திக்கக் கூடாது என்று அமெரிக்காவில் தடை இருந்த நேரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைமை கோச் ஜிம் ஹார்பா, தன் அணிக்கு இழுக்க நினைத்த பையன்களை ஓட்டலில் சந்தித்தார், ஹாம்பர்கர் வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு புகார் கிளம்பியது. விசாரணை இழுத்துக்கொண்டே போனது. 2024 ஆகஸ்டில், அவரை வேலைக்கு எடுக்க நினைக்கும் எந்தக் கல்லூரியும் 4 வருடத்துக்கு முதலில் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளின் ஆட்சிமன்றமான என்சிஏஏ உத்தரவு போட்டது. ஒரு ஹாம்பர்கருக்கா என்றால், முழுக்க அதற்கில்லை. விசாரணையில் அவர் ஒத்துழைக்கவில்லை, உண்மையைச் சொல்லவில்லை என்பதால்தான் தண்டனை அவ்வளவு பெரிதானது. ஆனால் அந்த உத்தரவு வந்தபோது மனுஷன் மிச்சிகனிலேயே இல்லை. தேசியப் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

இன்னொரு கதை. ஜேடன் ரஷாடா என்ற கலிஃபோர்னியா பையன், குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவன், பள்ளியின் கடைசி வருடம். 2022 ஜூனில் மயாமி பல்கலைக்கழகத்துக்கு வருவதாகச் சொன்னவன் நவம்பரில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினான். காரணம், ஃப்ளோரிடா அணியின் பணக்கார ஆதரவாளர்கள் கூடி நடத்திய ஓர் அமைப்பு அவனோடு போட்ட 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஒப்பந்தம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது: ஒப்பந்தம் ரத்து. அதன் பிறகும் அவன் அதே கல்லூரிக்கே கையெழுத்துப் போட்டான். கையெழுத்துப் போட்டால் 10 லட்சம் டாலர் வரும் என்று கோச் பில்லி நேப்பியரே அப்பாவிடம் உறுதி கொடுத்ததாகப் பின்னால் போட்ட வழக்கில் அவன் தரப்பு சொல்கிறது, எதிர்த்தரப்பு மறுக்கிறது. பணம் வரவில்லை. 2023 ஜனவரியில் விடுவிக்கச் சொல்லிக் கேட்டு வெளியேறி, அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கல்லூரி ஃபுட்பாலில் ஆள் எடுப்பதின் ஒழுக்கம் பற்றி அமெரிக்காவில் கிட்டத்தட்ட நூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் சுற்றுகிறது: பையன் காசு வாங்கினானா இல்லையா. பெரியவர்கள் அந்தப் பையனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று, அது பொய்த்தால் நஷ்டம் யார் தலையில் விடிகிறது என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்தில் இடமே இருந்ததில்லை.

சரி, தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, ஹெல்மெட்டோடு முட்டி மோதும் ஆட்டம். நம்மூர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரி ஏதோ நாலு சீட் விவகாரம் என்று நினைத்தாலும் தப்பு. பெரிய கல்லூரி அணிகளின் மைதானங்களில் ஒரு லட்சம் பேர் உட்காருகிறார்கள், டிவி உரிமம் நூற்றுக்கணக்கான கோடி டாலருக்குப் போகிறது, பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் ஆளுநருக்கோ தலைமை நீதிபதிக்கோ இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சுக்குத்தான். அதோடு, தொழில்முறை லீகான என்எஃப்எல், பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவனை எடுக்காது. ஆகவே திறமை உள்ள 18 வயதுப் பையனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு வாசல் கிடையாது. வாசலில் நிற்கும் காவல்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

என்சிஏஏவின் கதை 1906இல் தொடங்குகிறது. ஆட்டத்தில் பையன்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார், அதன் தொடர்ச்சியாகப் பிறந்த அமைப்பு அது. ஆள் பிடிக்கும் தொழில் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1929இல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைப் போய்ப் பார்த்து ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான கல்லூரிகள் வீரர்களுக்கு ஏதோ ஒரு வழியில் காசு கொடுத்துக்கொண்டிருந்ததாக அதில் இருந்தது. 1948இல் 'சானிட்டி கோட்' என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள், அதாவது புத்தி தெளிவுச் சட்டம், பெயரைப் பாருங்கள். விளையாட்டுத் திறமையை மட்டும் வைத்து உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மீறிய 7 கல்லூரிகளை 1950இல் வெளியேற்ற வாக்கெடுப்பு வைத்தபோது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழவில்லை. கொஞ்ச நாளில் அந்தச் சட்டமே போய்விட்டது. 1956இல், இனி விளையாட்டுக்காகவே முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று ஆனது.

அதே காலத்தில்தான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. கேட்க மரியாதையாக இருக்கிறது, பிறந்த இடம் அப்படி ஒன்றும் மரியாதையானது இல்லை. 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறிய கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். ஆட்டத்துக்காகத்தானே கல்லூரி அவரை வைத்திருந்தது, அப்படியானால் இது வேலையில் நேர்ந்த சாவு, தொழிலாளர் இழப்பீடு வேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில், இவன் வேலைக்காரன் இல்லை, மாணவன் என்று வாதாடுவதற்காகவே அந்தச் சொல்லைப் புகுத்தினோம் என்று 1951 முதல் 1987 வரை என்சிஏஏவை நடத்திய வால்டர் பையர்ஸ் ஓய்வுபெற்ற பிறகு தானே எழுதினார். 1973இல் இன்னொரு திருத்தம்: ஸ்காலர்ஷிப் இனி ஒரு வருடத்துக்கு மட்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, நாலு வருடம் உங்கள் பையனை என் பையன் மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கோச் சொல்வார். காகிதத்தில் இருப்பது ஒரு வருடம். பல வருடத்துக்குச் சேர்த்து உதவித்தொகை தர 2012 வரை அனுமதியே இல்லை.

இந்த விஷயத்தில் எல்லாரும் சொல்லும் கதை சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் கதை. டெக்சாஸின் டாலஸில், எண்ணெய்ப் பணம் புழங்கிய ஊரில் இருந்த சின்னத் தனியார் பல்கலைக்கழகம், 80களின் தொடக்கத்தில் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று. எப்படி என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பூஸ்டர் என்று அங்கே சொல்வார்கள், அணிக்காகப் பணத்தை அள்ளி விடும் பழைய மாணவர்கள், வியாபாரிகள். அவர்கள் தனியாக ஒரு நிதி வைத்திருந்தார்கள். மாட்டிக்கொண்டார்கள், தண்டனை வாங்கினார்கள், இனிச் செய்ய மாட்டோம் என்றார்கள், அப்புறமும் 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் கொடுத்தார்கள். டேவிட் ஸ்டான்லி என்ற முன்னாள் வீரர் 1986இல் டாலஸ் தொலைக்காட்சியில், எனக்குக் கையெழுத்துப் போட 25,000 டாலர் தந்தார்கள், அப்புறம் மாதாமாதம் தந்தார்கள் என்று போட்டு உடைத்தார். 1987 பிப்ரவரியில் 'மரண தண்டனை' வந்தது: அந்த வருட ஆட்டங்கள் முழுவதும் ரத்து. அடுத்த வருடம் பல்கலைக்கழகமே ஆடவில்லை.

இந்தக் கதையில் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் ஒரு துண்டு இருக்கிறது. தண்டனை வந்த அடுத்த வாரமே, டெக்சாஸ் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸ் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். அவர் ஆளுநராவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவர். பணம் போவது மேலிடத்தில் தங்களுக்குத் தெரியும், உடனே நிறுத்தாமல், ஏற்கெனவே வாக்குக் கொடுத்த பையன்கள் படிப்பை முடிக்கும் வரை தொடரலாம், புதிதாக யாருக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம் என்றார். நாடே சிரித்தது, ஆளுநர் மானம் போயிற்று. எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கும். அவர்கள் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை, பணத்தை நிறுத்தினால் ஒருவேளை அந்தப் பையன்கள் ஊரைக் கூட்டிவிடுவார்களோ என்ற பயமும் நிச்சயம் இருந்திருக்கும். ஆனாலும் அந்த முழு அமைப்பிலும் 17 வயதுப் பையனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள் என்றால், அது இந்தச் சட்டவிரோதப் பணத்துக்கு மட்டும்தான்.

தண்டனை அறிவித்ததும் என்ன நடந்தது? மற்றக் கல்லூரிகளின் கோச்சுகள் வளாகத்துக்கே வந்து குவிந்துவிட்டார்கள், மிச்சமிருந்த வீரர்களைப் பொறுக்கிக்கொண்டு போக. பந்தி முடிவதற்குள் இலையை எடுக்க வந்த மாதிரி. அந்த அணி எழுந்து நிற்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, 2009இல்தான் மறுபடி ஒரு பருவ இறுதிக் கோப்பை ஆட்டத்துக்குப் போக முடிந்தது. அந்தச் சேதத்தைப் பார்த்த பிறகு, பெரிய ஃபுட்பால் கல்லூரி எதன்மீதும் என்சிஏஏ அந்தத் தண்டனையை மறுபடி எடுக்கவில்லை.

பையனுக்குக் காசு போவதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள், பையனை வைத்து மற்றவர்களுக்குக் காசு போவதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை என்பதற்கு மெம்ஃபிஸ் கதை ஒன்று போதும். ஆல்பர்ட் மீன்ஸ், 2000இல் நாட்டில் எல்லாக் கல்லூரிகளும் தேடிய தடுப்பாட்டக்காரர், ஏழைக் குடும்பம். அவருடைய பள்ளிக் கோச் லின் லாங் அவரை ஏலத்தில் விட்டார், நிஜமாகவே. அலபாமா பல்கலைக்கழகத்தின் பூஸ்டரான லோகன் யங் அதற்கு 1,50,000 டாலர் கொடுத்தார் என்பது வழக்கு. 2005இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. கோச் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். மாடு விற்கிற சந்தையில் தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசும்போது மாட்டிடம் யாரும் கேட்பதில்லை. அலபாமாவுக்கு இரண்டு வருடம் கோப்பை ஆட்டத் தடை, 21 ஸ்காலர்ஷிப் வெட்டு. அந்த ஸ்காலர்ஷிப்புகள் வெட்டப்பட்டால் யாருக்கு நஷ்டம்? அதற்கு அடுத்த வருடங்களில் வந்திருக்க வேண்டிய, இந்த விவகாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத 21 பையன்களுக்கு.

சட்டத்துக்கு உட்பட்டே நடந்த விஷயங்கள் இன்னும் மோசம் என்பேன். ஓர் அணியில் மொத்தம் 85 ஸ்காலர்ஷிப், ஒரு வருடத்தில் புதிதாக 25 பேர் என்று விதி இருந்த காலத்தில், 2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கோச் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். 25 இடத்துக்கு 37 பேர். சிலர் மதிப்பெண் எடுக்க மாட்டார்கள், சிலர் வேறெங்காவது போவார்கள், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. ரயிலில் ஆர்ஏசி போடுவது போலத்தான், என்ன, உனக்கு ஆர்ஏசி என்று டிக்கெட்டில் அச்சடிக்க மாட்டார்கள். கணக்குத் தப்பினால் ஆகஸ்டில் ஒரு பையனைக் கூப்பிட்டு, நீ ஜனவரியில் வாயேன், அதுவரை சொந்தச் செலவில் இரு என்பார்கள். 2010இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு பையனுக்கு இதைச் சொன்னபோது அவன் பெட்டி படுக்கையோடு விடுதி அறைக்கே வந்துவிட்டிருந்தான். ஹூஸ்டன் நட்டுக்குத் தண்டனை ஏதும் இல்லை, அவர் எந்த விதியையும் மீறவில்லை. அவர் கல்லூரி சேர்ந்திருந்த தெற்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வெட்கப்பட்டு அந்த வருடமே 28 பேருக்கு மேல் கையெழுத்து வாங்கக் கூடாது என்றது, அப்புறம் 2011இல் 25 ஆகக் குறைத்தது.

வாய்மொழி அழைப்புக்கு எல்லையே இல்லை. 2010இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கோச் லேன் கிஃபின், ஏழாவது படிக்கும் 13 வயதுப் பையனுக்கு ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொன்னார், பையனும் சரி என்று செய்தி வந்தது. 2013இல் கிஃபினை வேலையை விட்டுத் தூக்கினார்கள், பையன் அப்போது இன்னும் பள்ளியில். கடைசியில் அவன் போனது வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு.

கையெழுத்து நாள் என்று ஒன்று உண்டு, அந்தக் காலத்தில் பிப்ரவரி முதல் புதன்கிழமை, தெற்கு மாநிலங்களில் அது ஒரு திருவிழா. மேசைமேல் நாலைந்து கல்லூரித் தொப்பிகள் இருக்கும், பையன் ஒன்றை எடுத்துத் தலையில் வைப்பான், பாட்டி அழுவார், டிவியில் நேரலை. 1964இல் வந்த தேசிய ஒப்புதல் கடிதம் என்ற காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருந்தது. போட்டுவிட்டால் அவன் அந்தக் கல்லூரிக்குக் கட்டுப்பட்டவன். மீறினால் ஒரு வருட ஆட்டம் போய்விடும் என்று இருந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு வரி தெளிவாக இருந்தது: நீ கையெழுத்திடுவது கல்லூரியோடு, கோச்சோடு இல்லை. ஆனால் பையனின் வீட்டுக்கு வருவது கோச். இரண்டு வருடமாக ராத்திரி பத்து மணிக்கு அவனுக்குச் செய்தி அனுப்புவதும் கோச். கல்லூரியின் பதிவாளர் யாருடைய வீட்டுக்கும் வந்து அம்மாவின் சமையலைப் புகழ்ந்ததில்லை.

2015 பிப்ரவரியில் இரண்டு சம்பவம் ஒரே வாரத்தில் நடந்தன. டெட்ராய்ட்டைச் சேர்ந்த மைக் வெபர் என்ற, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், சொந்த மாநிலத்து மிச்சிகனை விட்டுவிட்டு ஒஹையோ ஸ்டேட்டுக்குக் கையெழுத்துப் போட்டான். அவனை இழுத்ததில் முக்கியப் பங்கு அவன் ஆடும் இடத்துக்கான உதவி கோச் ஸ்டான் டிரேட்டனுக்கு. மறுநாள் டிரேட்டன் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. பையன் தன் வலியை ட்விட்டரில் ஒரு வரியில் எழுதினான், அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்ய முடியாது, ஃபேக்ஸ் போய்விட்டது. அதே நாள்களில் ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில் ரோக்வான் ஸ்மித் என்ற பையன் டிவியில் யூசிஎல்ஏ, அதாவது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், என்று அறிவித்துவிட்டான், ஆனால் ஃபேக்ஸ் இன்னும் அனுப்பவில்லை. தன்னைத் தேடிப் பிடித்த யூசிஎல்ஏவின் தடுப்பாட்டக் கோச் என்எஃப்எல்லின் அட்லான்டா ஃபால்கன்ஸுக்குப் போகப்போகிறார் என்று அதற்குள் காதில் விழுந்தது. ஃபேக்ஸை நிறுத்திவிட்டான். சில நாள் கழித்து ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், உதவித்தொகைக் காகிதத்தில் மட்டும் போடுகிறேன் என்றான். கோச் போனால் நானும் போவேன் என்பதற்கு வழி வைத்துக்கொண்டான். கல்லூரி ஒத்துக்கொண்டது, ஏனென்றால் அவன் அவ்வளவு நல்ல ஆட்டக்காரன். 2018 என்எஃப்எல் தேர்வில் எட்டாவது ஆளாகப் போனான். சுமாரான ஆட்டக்காரன் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தால், கதவு அங்கே இருக்கிறது தம்பி என்றிருப்பார்கள்.

கோச்சுகளுக்கு அப்படி எந்தக் கட்டும் கிடையாது. 2021 நவம்பர் கடைசியில் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டுத் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கும், அடுத்த நாளே பிரையன் கெல்லி நோட்ர டேமை விட்டு லூசியானா ஸ்டேட்டுக்கும் போனார்கள். இருவரையும் நம்பி வந்த பையன்கள் செய்தியை ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி நிறையப் பேர் பேச விரும்புவதில்லை. பையன்களை வளாகத்துக்கு வரவழைத்து இரண்டு நாள் உபசரிக்கும் வழக்கம் உண்டு, முழுச் செலவும் கல்லூரியுடையது. 2001 டிசம்பரில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இப்படி வந்த பள்ளிப் பையன்களைக் 'குஷிப்படுத்த' அணி வீரர்கள் ஒரு மாணவியின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள், அங்கே பாலியல் வன்கொடுமை நடந்ததாக இரண்டு பெண்கள் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஆள் சேர்ப்பு நிகழ்ச்சியின் ஆபத்து நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது, வழக்கை நடத்தலாம் என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு, பல்கலைக்கழகம் 28 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. என்சிஏஏ 2004இல் அவசரமாக விதி மாற்றியது: தனி விமானம் கூடாது, ஆடம்பர ஓட்டல் கூடாது. அந்தப் பெண்கள் புகார் சொன்னது விமானத்தைப் பற்றி இல்லை.

அப்புறம்தான் வெள்ளம். 2019இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது, கல்லூரி வீரன் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதித்தால் கல்லூரி தடுக்கக் கூடாது என்று. 2021 ஜூனில், வீரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். சம்பளம் கொடுக்காததுதான் எங்கள் சரக்கின் தனித்தன்மை என்று சொல்லிக்கொண்டு கூலி கொடுக்காமல் இருப்பதை அமெரிக்காவில் வேறு எந்தத் தொழிலிலும் விட மாட்டார்கள் என்ற பொருளில் நீதிபதி கவனா தனியாக எழுதினார். பத்து நாளில், ஜூலை 1 முதல், பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் இந்த வழி, சுருக்கமாக என்ஐஎல், நாடு முழுக்கத் திறந்துவிடப்பட்டது. அதே வருடம், கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியும் முதல் முறை மாறுபவர்களுக்குப் போயிற்று. பூஸ்டர்கள் உடனே 'கலெக்டிவ்' என்ற பெயரில் கூட்டுநிதி அமைப்புகளைத் தொடங்கினார்கள். முன்பு பழுப்புக் கவரில் போன அதே பணம் இப்போது விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் போயிற்று.

பேச்சு எப்படி மாறியது என்று பாருங்கள். டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 2023 ஜூலையில் 80 லட்சம் டாலர் அபராதம். பழைய கோச் ஜெரமி ப்ரூயிட் காலத்தில் சுமார் 60,000 டாலர் பெறுமான சலுகைகளைப் பையன்களுக்கும் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள், 200க்கு மேல் விதிமீறல் என்று. ஏழு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், அதே மாநிலத்தின் அரசு வழக்கறிஞர் போட்ட வழக்கில், சேருவதற்கு முன்பே பணம் பேசுவதை என்சிஏஏ தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 60,000 பாவம், கோடி பரவாயில்லை.

2022 மே மாதம் அலபாமாவின் நிக் சேபன், டெக்சாஸ் ஏ&எம் தன் அணியில் ஒவ்வொருவரையும் காசு கொடுத்து வாங்கியது என்று மேடையில் சொன்னார். அந்த அணியின் கோச் ஜிம்போ ஃபிஷர் அடுத்த நாள் காலையிலேயே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, சேபனின் பழைய கதையைப் போய்த் தோண்டிப் பாருங்கள் என்று கொதித்தார். இரண்டு பேருமே அப்போது வருடத்துக்கு 90 லட்சம் டாலரோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கியவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சண்டையைப் பார்க்க வேண்டும். ஃபிஷரை 2023 நவம்பரில் நீக்கினார்கள், நீக்கியதற்காக அவருக்குத் தர வேண்டியது 7.5 கோடி டாலருக்கும் மேல். நாட்டிலேயே முதலிடம் என்று கொண்டாடப்பட்ட அந்த 2022 வரவுகளில் பல பேர் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள், மற்றவர்களும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

காசு வெளிப்படையாக வந்தது நல்லதுதான் என்பது என் கட்சி. ஆனால் வாக்கு விஷயம் அப்படியே கிடக்கிறது, இப்போது அதில் பூஜ்யங்கள் கூடியிருக்கின்றன. 2024 செப்டம்பரில் நெவாடா லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, மூன்று ஆட்டம் ஆடி மூன்றும் வென்ற நிலையில் நடுவிலேயே விலகினார். ஓர் உதவி கோச் 1 லட்சம் டாலர் தருவதாக வாயால் சொன்னார், வரவில்லை என்றது அவர் தரப்பு. அவர் தரப்பு கேட்பது விதிக்குப் புறம்பான பணம் என்றது கல்லூரி. எழுத்தில் எதுவும் இல்லை. என்எஃப்எல் வீரனின் ஏஜென்ட் சங்கத்தில் உரிமம் வாங்க வேண்டும், ஒப்பந்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. கல்லூரிப் பையனின் ஏஜென்டுக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. பக்கத்து வீட்டு மாமாகூட ஏஜென்ட் ஆகலாம்.

பையன்கள் மட்டும் அரிச்சந்திரர்களா என்று கேட்பீர்கள். இல்லை. லூசியானா ஸ்டேட்டுக்கு வருகிறேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த பிரைஸ் அண்டர்வுட், 2024 நவம்பரில் மிச்சிகனுக்கு மாறினான், பேசப்பட்ட தொகை கோடிக்கணக்கில். சின்னக் கல்லூரி ஒன்று யாரும் எட்டிப் பார்க்காத பையனை இரண்டு வருடம் வளர்த்து ஆளாக்கும், மூன்றாம் வருடம் பெரிய கல்லூரி தூக்கிக்கொண்டு போகும். அந்தச் சின்னக் கல்லூரிக் கோச்சின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பக்கம் வக்கீலும் ஒப்பந்தமும் உள்ள ஐம்பது வயது ஆள், இன்னொரு பக்கம் இன்னும் ஓட்டுரிமைகூட வராத பையன்.

2024 அக்டோபரில் அந்தத் தேசிய ஒப்புதல் கடிதத்தை, 60 வருடம் கழித்து, எடுத்துவிட்டார்கள். 2025 ஜூனில், வீரர்கள் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார்: பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை, இனிமேல் கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குப் பங்கு தரலாம், முதல் வருடமான 2025-26இல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. வெளியார் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் சரிபார்க்க ஒரு புது அமைப்பு. அந்த மாதமே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டது, எங்களோடு ஒப்பந்தம் போட்ட வீரனைக் கலைத்துக் கூட்டிப் போனீர்கள் என்று. கவனியுங்கள், வாக்கு மீறல் இப்போது நீதிமன்றத்துக்குப் போகும் குற்றம் ஆகிவிட்டது, நஷ்டப்பட்டது கல்லூரியாக இருக்கும்போது. வீரர்கள் ஊழியர்கள் என்பதை மட்டும் கல்லூரிகள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊழியன் என்றால் சங்கம் வரும், காயத்துக்கு இழப்பீடு வரும், ரே டெனிசன் மனைவி கேட்ட கேள்வி திரும்பி வரும்.

ரஷாடா 2024 மே மாதம் நேப்பியர் மீதும் ஒரு பூஸ்டர் மீதும் வழக்குப் போட்டபோது ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொண்டிருந்தார். நேப்பியர் ஃப்ளோரிடாவில் தொடர்ந்து கோச்சாக இருந்தார், ஒவ்வொரு வருடமும் புதிய பையன்களின் வீட்டு வரவேற்பறைகளுக்குப் போய் உட்கார்ந்தார். அணி எதிர்பார்த்த அளவு வெல்லாததால் 2025 அக்டோபரில் அவரை நீக்கினார்கள். ஒப்பந்தப்படி பல்கலைக்கழகம் அவருக்குத் தர வேண்டியது சுமார் 2.1 கோடி டாலர், அதில் பாதி ஒரு மாதத்துக்குள்.